அப்பாவோடு ஓட்டப் போட்டி வைப்பது எப்படி?

வயதானவர் தோற்கத்தான் செய்வார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2019 பிராங்க்பர்ட் மராத்தானில் அயர்லாந்தின் டாமி ஹியூஸ் தன் 59 வயதில் 2:27:52 நேரத்தில் ஓடி முடித்தார், 34 வயது மகன் இயோன் வந்தது 2:31:30-இல். அப்பாதான் முந்தினார்!

சரி, நம் வீட்டுக்கு வருவோம். முதலில் இருவரும் தனித்தனியாக 5 கி.மீ. முழு மூச்சாக ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் (400 மீட்டர் மைதானம் என்றால் பன்னிரண்டரைச் சுற்று). அப்பாவுக்கு 34 நிமிடம், உங்களுக்கு 27 என்றால், போட்டியன்று அவர் 7 நிமிடம் முன்னாலேயே கிளம்பட்டும். இதில் அழகே கடைசிச் சுற்றுதான், பின்னால் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை வேகமாக வீச ஆரம்பிப்பார், நீங்களோ அந்த வியர்வையில் நனைந்த பனியனைப் பிடித்துவிட மூச்சு வாங்க ஓடுவீர்கள்.

ஒரே நேரத்தில் கிளம்பத்தான் ஆசை என்றால், மாஸ்டர்ஸ் (மூத்தோர்) தடகள வயதுத்தர அட்டவணை, அதாவது ஒவ்வொரு வயதுக்கும் மிகச் சிறந்த ஓட்ட நேரம் எது என்று சொல்லும் பட்டியல், இணையத்தில் கிடைக்கும். உங்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் அதில் உள்ள நேரத்தை நீங்கள் ஓடிய நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள், யாருக்குச் சதவீதம் அதிகமோ அவருக்கே வெற்றி.

தயவுசெய்து வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காதீர்கள், அவருக்கு உடனே தெரிந்துவிடும், மனசும் கஷ்டப்படும். அப்புறம், அவருக்கு பிரஷரோ சுகரோ இருந்தால் அந்த முதல் 5 கி.மீ.க்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.