கீபோர்டில் எழுத்தே விழவில்லையா? வலது ஷிஃப்டைக் கவனியுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெரியவர்கள் சிலர் மாலையில் கூடி, விண்டோஸ் 11 கணினியில் கூகுள் தேடல் பழகுகிறோம். திடீரென்று கீபோர்டில் எழுத்தே விழவில்லை. மவுஸ் நன்றாக ஓடியது. யூஎஸ்பி கேபிளை மாற்றிச் செருகினோம், ரீஸ்டார்ட் செய்தோம், பர்மா பஜாரில் புது கீபோர்டே வாங்கினோம். அதிலும் அதே கதை.

ஒன்று மட்டும் உறுத்தியது. எங்களுக்கு விழாத எழுத்து, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு விழுந்தது. அவர் ஒவ்வொரு விசையையும் தேடிப் பிடித்து, விரலை எடுக்காமல் அழுத்தி வைத்திருப்பார். 'ராயபுரம்' என்று முழுசாக அடித்துத் தேடியும் காட்டினார். அப்போதுதான் பொறி தட்டியது: சட்டென்று தட்டுவதைத்தான் கணினி ஏற்கவில்லை.

காரணம் ஃபில்டர் கீஸ். கை நடுங்குபவர்களுக்கு உதவ வைத்த நல்ல வசதி அது. வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்தியபடி இருந்தால், ஆன் செய்யவா என்று ஒரு பெட்டி வரும். கையை ஊன்றி உட்காரும்போது ஷிஃப்ட் அமுங்கும். பெட்டியைப் படிக்காமல் என்டர் தட்டினால் அது ஆன் ஆகிவிடும்.

செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, கீபோர்டு போய் அதை ஆஃப் செய்தேன். அப்பாடா! அதன் உள்ளே இருக்கும் ஷார்ட்கட்டையும், அதாவது வலது ஷிஃப்டை அழுத்தி ஆன் செய்யும் வழியையும், அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப வரும். கை நடுக்கம் உள்ளவர் குழுவில் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள், அவருக்கு அது தேவைப்படலாம்.