பாலிடோபமைன் பூசி, ரத்தத்துக்கும் செல்லுக்கும் ஏற்றபடி பரப்பை மாற்றுவது எப்படி

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ரத்தத்தில் வைக்கப்போகும் உங்கள் பொருளின் மேல் எதுவுமே ஒட்டக்கூடாதா, இல்லை எண்டோதீலியல் செல் (ரத்தக்குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் செல்) மட்டும் ஒட்ட வேண்டுமா? கொஞ்ச நாள் இருந்துவிட்டு வெளியே வரும் கதீட்டருக்கு (உடலுக்குள் செருகும் மெல்லிய குழாய்) எதுவும் ஒட்டாமல் இருந்தாலே போதும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்க வேண்டிய செயற்கை ரத்தக்குழாய், அதுவும் விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால், எண்டோதீலியல் செல் வந்து மூடினால்தான் அடைப்பு வராமல் ஓடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவைத் தள்ளிவிடும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால், எதையும் ஒட்டவிடாத பாலிமர்) அந்தச் செல்லையும் தள்ளத்தான் செய்யும், அதனால் இதை யோசிக்காமல் பூசிவிட்டு செல் வளரவில்லை என்று தேடிப் பயனில்லை.

அடிப்பூச்சுக்கு நான் பரிந்துரைப்பது பாலிடோபமைன், அதாவது டோபமைன் மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் ஒட்டும் படலம். பாறையில் ஒட்டும் மட்டியின் பசைப் புரதத்தைப் பார்த்து, அமெரிக்க ஆய்வாளர் மெசர்ஸ்மித்தின் குழு 2007-இல் வெளியிட்ட முறை. டெஃப்லான், பாலியூரித்தேன், டைட்டானியம், எதன்மேலும் படியும்.

மாதிரியை எத்தனாலிலும் தண்ணீரிலும் சோனிகேட்டரில் (ஒலி அலையால் அதிரவைத்துக் கழுவும் கருவி) வைத்துக் கழுவுங்கள். 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபரை பி.எச். 8.5-க்குக் கொண்டுவந்து, மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன் ஹைட்ரோகுளோரைடு போடுங்கள். ஆக்சிஜன் தேவை என்பதால் பாத்திரத்தை இறுக மூடாதீர்கள். கரைசல் பழுப்பாகிக் கறுத்துவிடும், அதுதான் வேண்டும். மாதிரியைத் தட்டையாகக் கிடத்தாமல் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் கரைசலில் உருவாகும் துகள்கள் மேலே விழுந்து பரப்பு சொரசொரப்பாகி, அங்கேயே தட்டணு பிடிக்கும். ஒரு நாளில் சுமார் 50 நானோமீட்டர் வரை படியும். கழுவிவிட்டு கான்டாக்ட் ஆங்கிள் (தண்ணீர்த் துளி பரப்போடு செய்யும் கோணம்) பாருங்கள், 100 டிகிரிக்கு மேல் இருந்த டெஃப்லான் நன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

அடுத்து மேல்பூச்சு. எதுவும் ஒட்டக்கூடாது என்றால் நுனியில் தயால் அல்லது அமீன் உள்ள பெக். எண்டோதீலியல் செல் வேண்டுமென்றால் ஆர்.இ.டி.வி. பெப்டைடு (நான்கு அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி, பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம்), நுனியில் சிஸ்டீன் சேர்த்து வாங்குங்கள். பலரும் எடுக்கும் ஆர்.ஜி.டி. என்ற பெப்டைடை நான் இங்கே தவிர்ப்பேன், தட்டணுவின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதமும் அதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் என்றால் ஒரு முனையில் மட்டும் பிணையுங்கள், ரத்தத்தில் உள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதம் வந்து சேரும் பகுதி மடங்கிக் கிடந்தால் ஹெபாரின் இருந்தும் வேலை செய்யாது.

சரி, இனி ரத்தச் சோதனை. நல்ல பூச்சும் மோசமாகத் தெரிவது இங்கேதான், பொறுமை வேண்டும். எத்திக்ஸ் அனுமதி இல்லாமல் யாரிடமும் ரத்தம் எடுக்காதீர்கள். கொடுப்பவர் கடந்த இரண்டு வாரத்தில் ஆஸ்பிரின் எடுத்திருக்கக்கூடாது. மெல்லிய ஊசி வேண்டாம், முதலில் வரும் சில மில்லிலிட்டரை விட்டுவிடுங்கள், உறையாமல் இருக்க 3.2 சதவீத சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. ஃபிரிட்ஜில் வைத்தால் தட்டணு வடிவம் மாறி வீணாகிவிடும், அறை வெப்பத்திலேயே வைத்து சில மணி நேரத்துக்குள் முடியுங்கள். 200 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றினால் மேலே நிற்பது தட்டணு மிகுந்த பிளாஸ்மா. மாதிரியை முதலில் பி.பி.எஸ். என்ற உப்பு பஃபரில் நனைத்துவிட்டு இதை ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது, காற்று படும் இடத்திலேயே புரதம் குலைந்து தட்டணு தூண்டப்படும். மெதுவாகக் கழுவி, குளுட்டரால்டிஹைடில் நிலைநிறுத்தி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கையோடு வடிவத்தையும் பாருங்கள்: உருண்டையாகப் பத்து இருப்பதைவிட, கால் நீட்டிப் பரவிய இரண்டு எனக்குக் கவலை தரும்.

ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணு உடையும் அளவு, 2 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஆனால் அது சிவப்பணு உடைகிறதா என்று மட்டுமே சொல்லும், ரத்தம் உறைவதைப் பற்றி எதுவும் சொல்லாது. அதை மட்டும் காட்டி ரத்தத்துக்கு ஏற்றது என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆர்.இ.டி.வி. பூசியவர்கள் எண்டோதீலியல் செல்லையும் ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசைச் செல்லையும் ஒரே பரப்பில் சேர்த்து வளர்த்து, எது அதிகம் ஒட்டுகிறது என்று பாருங்கள், கூடவே அதே எழுத்துகளை மாற்றி அடுக்கிய பெப்டைடு ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். அப்புறம் ஃப்ளோ சேம்பரில் (பரப்பின் மேல் திரவம் ஓடவிடும் கருவி) சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 15 டைன் விசையில் ஓடவிட்டு, ஓட்டம் இல்லாதபோது ஒட்டியிருந்த செல்களில் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணுங்கள்.