கடைக்கு வெப்சைட் போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு சுங்குடிப் புடவைக் கடை இருக்கிறது. அதற்கு வெப்சைட் போடுகிறேன் என்று உட்கார்ந்தவன், முதல் மூன்று நாளையும் கலர் தேர்ந்தெடுப்பதிலேயே தொலைத்தேன். டெம்ப்ளேட்டில் கட்டம் கட்டமாகக் காலி இடம் கிடந்தது, அதை நிரப்ப "பாரம்பரியமும் தரமும் இணைந்த எங்கள் நிறுவனம்" என்று அளந்துவிட்டேன். நீங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள்.

முதலில் நோட்டு

ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தவை: "சாயம் போகுமா?", "கை முடிச்சா, பிரிண்டா?", "பிளவுஸ் சேர்த்தா?", "ஞாயித்துக்கிழமை கடை உண்டா?", "கூரியர்ல அனுப்புவீங்களா?" கடை எந்த வருடம் ஆரம்பித்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் முதல் பக்கத்தில் அதுதான் கொட்டை எழுத்தில் இருந்தது!

இந்தக் கேள்விகளையே தலைப்பாக வையுங்கள், கூகுளில் தேடுகிறவரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் அடிப்பார். பதிலில் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம் இருக்க வேண்டும். "உயர்தரச் சுங்குடிப் புடவைகள்" என்பதை அடித்துவிட்டு நான் எழுதியது இது: "ஒவ்வொரு புள்ளிக்கும் துணியை நூலால் முடிந்து சாயத்தில் முக்குகிறோம். முடிச்சை அவிழ்த்த இடத்தில் சின்னச் சின்னதாகச் சுருக்கம் நிற்கும், புள்ளிகள் அச்சுப் போட்ட மாதிரி ஒரே வட்டமாக இருக்காது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத் துவையுங்கள்." மதுரைச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் ஒரு வரியில் சொல்லலாம். ஆனால் மெழுகு அச்சையும் பிரிண்டையும் சுங்குடி என்றே விற்கிறார்கள், அதனால் எது எது, எது என்ன விலை என்று பிரித்துப் போடாவிட்டால் போனில் சண்டைதான் வரும்.

தமிழை ஒழுங்காகக் காட்டுவது

பெரியப்பாவிடம் பழைய நோட்டீஸ் ஃபைல் ஒன்று இருந்தது, டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். என் கம்ப்யூட்டரில் பாமினி இருந்ததால் ஜோராகத் தெரிந்தது, மச்சான் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கிறுக்கல். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருக்கிறது, அந்த எழுத்துரு இல்லாத போனில் சாயம் வெளுத்துவிடும். எல்லாப் போனிலும் தெரிகிற பொதுமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன, அதில் போட்டு மாற்றி, ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, நம்ம ஊர்ப் பெயரிலேயே ஹிந்த் மதுரை என்று ஒன்றும் இருக்கிறது, இரண்டும் இலவசம். அளவு 16 பிக்சலுக்குக் கீழே போக வேண்டாம். வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.6 அல்லது 1.7 மடங்கு என்று வையுங்கள், நெருக்கி வைத்தால் மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். இரு ஓரமும் நேராக நிற்கும் ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். நம் சொற்கள் நீளம், சின்னத் திரையில் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும். பட்டனில் "சமர்ப்பிக்கவும்" என்று எழுதி அது கட்டத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது, "அனுப்பு" என்று மாற்றியதும் அடங்கியது.

படம், முகவரி

போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும், அதை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து 200 கேபிக்குள் கொண்டு வாருங்கள். விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள், தேடினால் அகப்படாது, விலை ஏறினால் மறுபடி படம் செய்ய வேண்டும்.

முகவரியில் "மாசி வீதி" என்று மட்டும் போட்டால் வெளியூர்க்காரர் பாவம். கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நாலு மாசி வீதி இருக்கிறது, ஆவணி மூல வீதியும் அப்படித்தான். திசையையும், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அடையாளத்தையும், மேப் லிங்க்கையும் சேர்த்துப் போடுங்கள். வண்டியை எங்கே விடுவது என்று ஒரு வரி எழுதினால் இன்னும் புண்ணியம்.

கடைசியாக, இந்த வெப்சைட்டைப் பார்த்துப் பழகாத ஒருவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நான் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், "எல்லாம் சரிப்பா, நம்பரை எங்க வச்சிருக்க?" என்றார். பக்கத்தின் அடியில், சாம்பல் கலரில், பொடி எழுத்தில் இருந்தது. மேலே ஏற்றி, தொட்டால் அழைப்புப் போகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். உடனே தொட்டார், கல்லாவில் இருந்த அவருடைய இன்னொரு போன் அடித்தது.