பழைய சிங்கிள் மால்ட்: சென்னை வெயிலில் ருசிக்கும் முறை

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி. 25 வருடம் பீப்பாயில் கிடந்த மென்மையான மால்ட்டில் ஐஸ் போடாதீர்கள். குளிர்ந்தால் மணம் எழும்பாது. அதற்காக மே மாத அறைச் சூட்டிலும் ஊற்றக்கூடாது. 33 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஏசியை 22-ல் வைத்து, பாட்டிலையும் கிளாஸையும் இரண்டு மணி நேரம் அங்கேயே விடுங்கள். சாம்பிராணி, மல்லிகைப்பூ, ரூம் ஸ்பிரே எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

கிளாஸ் வாய் குறுகியதாக இருக்கட்டும். டம்ளரில் மணம் தங்காது. 20 மில்லி ஊற்றி, 15 நிமிடம் சும்மா விடுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் நெடி அடங்கி, பழவாசனையும் மரவாசனையும் தெரியும். முதல் மடக்கு நாக்கைப் பழக்கத்தான். ருசி பார்ப்பது இரண்டாவதில்.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆர்.ஓ. தண்ணீரை மருந்து டிராப்பரில் எடுத்து, இரண்டு சொட்டு விட்டு, ருசித்து, பிறகு வேண்டுமானால் இன்னும் இரண்டு. ஸ்காட்லாந்தில் நெடுநாள் கிடந்த விஸ்கி பெரும்பாலும் வலு குறைந்தே வரும். 40–43 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி என்றால், கிளாஸில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கூட அதிகம். சோடா பற்றிப் பேசவே வேண்டாம்.

மிளகாய் பஜ்ஜி, மிக்சர் எல்லாம் பிறகு.

பழைய கார்க் உடையும். கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெதுவாகத் திருகுங்கள். துகள் விழுந்தால் காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டலாம். பாட்டிலைப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.