பிறப்பு, இறப்புப் பதிவில் செய்யக்கூடாத தவறுகள்

பள்ளியில் சேர்க்கும்போது வயதை ஓரிரு மாதம் கூட்டிச் சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையே கடைசிவரை காட்டிவந்த பழக்கத்துக்கு இனி இடமில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றோ அதன் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எதுவானாலும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

அதிகம் நடக்கும் தவறு பெயரில்தான். பெயர் முடிவாகாத நிலையில், பிரசவ வார்டில் படிவம் நீட்டியதும் வாய்க்கு வந்த செல்லப்பெயரை எழுதிவிடுகிறார்கள். பதிவேட்டில் ஏறிய பெயரைப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது; எழுத்துப் பிழையைத்தான் திருத்துவார்கள். அவசரமே வேண்டாம். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவு செய்யுங்கள். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம்.

பெற்றோர் பெயரையும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரில் 'ஷண்முகம்', படிவத்தில் 'சண்முகம்' என்றிருந்தால் பின்னால் அலைச்சல்தான். தமிழ்நாட்டில் கர்ப்ப காலத்தில் தரப்படும் 12 இலக்க பிக்மி எண்ணும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது இடம். பதிவு நடப்பது சம்பவம் நடந்த ஊரில். நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. மதுரை மருத்துவமனையில் இறந்தவரைச் சிவகங்கையில் அடக்கம் செய்தாலும் பதிவு மதுரையில்தான். உடலை ஊருக்குக் கொண்டுவந்து 'வீட்டிலேயே இறந்தார்' என்று வி.ஏ.ஓ.விடம் எழுதித் தருவது பொய்த் தகவல். மருத்துவமனையும் பதிந்திருக்கும் என்பதால் ஒரே மரணத்துக்கு இரண்டு பதிவு ஏற்பட்டு, வாரிசுச் சான்றிதழில் சிக்கல் வரும். மரணக் காரணச் சான்றை மருத்துவமனை இலவசமாகத் தர வேண்டும்; நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டால் 30 நாள்வரை தாமதக் கட்டணம் மட்டும். அதற்குமேல் ஓராண்டுவரை அதிகாரியின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். ஓராண்டைத் தாண்டினால், முன்பு போல முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டாம், வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு வாங்க வேண்டும்.

திருமணத்துக்குத் தனிச் சட்டம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. கோயில் ரசீது பதிவாகாது.

பிறப்பு, இறப்பைப் பதியப் பதிவாளர் மறுத்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்கி, 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.