பட்டை கட்டாத கை: 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் கரத்தை நிலைப்படுத்தும் முறை

துப்பாக்கி சுடுதல் பழகத் தொடங்கிய முதல் ஆண்டில், மருந்துக் கடையில் விற்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை வாங்கி, அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு சில வாரங்கள் பயிற்சி செய்தேன். கை ஆடுவது குறைந்தது, புள்ளிகளும் கூடின. அந்தத் தெம்பில் மாவட்ட அளவிலான ஒரு போட்டிக்குப் போனபோது, உபகரணச் சோதனை நடுவர் என் கையைப் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார். அதே கையில் இருந்த கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். அன்று நான் எடுத்த புள்ளிகளை இங்கே எழுதப் போவதில்லை. பட்டை செய்து கொடுத்த வேலையை உடம்பே செய்யும்படி பழக்குவது எப்படி என்று அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இப்போது தொடங்குகிறவர்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

முதலில் விதியைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி, காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கியான ஏர் பிஸ்டலை ஒரே கையால்தான் பிடித்துச் சுட வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். துப்பாக்கி பிடிக்கும் கையில் பட்டை, காப்பு, கடிகாரம் போன்ற எதுவும் இருக்கக் கூடாது. கைப்பிடியின் எந்தப் பகுதியும் உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டைத் தொடும்படி நீண்டிருக்கவும் கூடாது. கணுக்காலை மூடும் உயரமான காலணிக்கும் இதே காரணத்தால்தான் அனுமதி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளிலும் பிஸ்டல் பிரிவில் துப்பாக்கியின் எடையை வீரரே தாங்குகிறார். சுருள்வில் பொருத்திய தாங்கி அனுமதிக்கப்படுவது, துப்பாக்கியின் எடையைக் கையால் தாங்க முடியாதவர்களுக்கான எஸ்.எச்.2 என்னும் ரைஃபிள் பிரிவில் மட்டுமே.

கையைத் தாங்கும் கருவி உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு அலெக்ஸ் பாஸ்கோ என்பவர், உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் கனமான பிஸ்டலை ஒற்றைக் கையால் சுட முடியவேண்டும் என்பதற்காக, துப்பாக்கியின் பின்பகுதியை முன்னங்கையோடு சேர்த்துக் கட்டும் ஒரு தாங்கியை வடிவமைத்தார். அது பின்னர் பெரிய வணிகமாகி, அதைத் தோளில் முட்டுக் கொடுத்துச் சுடுவது சட்டப்படி சரியா என்ற நீண்ட வழக்குகளுக்கும் இடம் கொடுத்தது. அதன் செயல்முறை எளியது: மணிக்கட்டு என்னும் மூட்டு மடங்காதபடி, முன்னங்கையையும் துப்பாக்கியையும் ஒரே தண்டாக ஆக்கிவிடுகிறது. நாம் பட்டை இல்லாமல் செய்ய வேண்டியதும் இதுவேதான். தோளிலிருந்து குழல்முனைவரை ஒரே தண்டு. அது அசையலாம், ஆனால் நடுவில் மடங்கக் கூடாது.

அசையலாம் என்று நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும் என்பதால், ஒரு சிறிய கணக்கைப் பார்த்துவிடுவோம். 10 மீட்டர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் (சிறு ஈயக் குண்டின்) விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதன் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும் ஆகையால், பெல்லட்டின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர்வரை விலகினாலும் பத்துதான். இப்போது கை முழுவதும், மணிக்கட்டு மடங்காமல், பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கொள்வோம்: பெல்லட்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் நகரும், பத்து கெடாது. ஆனால் மணிக்கட்டு சற்றே மடங்கி, துப்பாக்கியின் பின்புறம் கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறியின் வெட்டுக்குள் தெரியும், குழல்முனையில் உள்ள முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ 320 மில்லிமீட்டர் தூரம் உள்ள துப்பாக்கியில், 10 மீட்டருக்கு அப்பால் அந்த விலகல் சுமார் 31 மில்லிமீட்டராகப் பெருகி, பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். கால் மில்லிமீட்டர் விலகலே பத்தின் எல்லைவரை தள்ளிவிடும். ஆகவே தோளின் ஆட்டத்தை எண்ணிக் கவலைப்படுவதைவிட, மணிக்கட்டின் கோணத்தைக் காப்பதில் கவனத்தைச் செலுத்துவதே பயன் தரும். புதியவர்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள். இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் ஆடுவதைப் பார்த்துப் பதறி, கண்ணை அங்கே கொண்டுபோய், முன்குறியைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

மணிக்கட்டைக் காக்கும் முதல் கருவி கைப்பிடிதான். போட்டித் துப்பாக்கிகளின் மரக் கைப்பிடி, விரல்களுக்குப் பள்ளமும் உள்ளங்கையின் அடிப்பக்கத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தட்டும் கொண்டிருக்கும். இது உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடியபடி கையை உயர்த்தி, மணிக்கட்டை இயல்பாக இறுக்கி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி வெட்டின் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் குற்றம் உங்களுடையதன்று, கைப்பிடியினுடையது. உள்ளங்கைப் பக்கம் மரத்தைச் சிறிது அரத்தால் தேய்த்தோ, மரவேலைக்கான மக்கு பூசி உயர்த்தியோ அதைச் சரிசெய்ய வேண்டும். ஒரே நாளில் அதிகம் தேய்த்துவிடாதீர்கள். கை அன்றாடம் சற்று வேறுபடும். ஒரு வாரம் தொடர்ந்து ஒரே திசையில் விலகினால் மட்டுமே மரத்தில் கை வையுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் தேய்த்த கைப்பிடியை, பின்னர் மூன்று முறை மக்கு வைத்து நிரப்ப வேண்டியதாயிற்று.

உள்ளங்கைத் தட்டைக் கையை நெருக்கும்படி உயர்த்துவது பலர் செய்யும் தவறு. தட்டு இறுகினால் மணிக்கட்டு உறுதியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் சிறிது நேரத்திலேயே கையின் ஓரத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் மரத்துப்போகும். ஒரு தாளை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும் என்பது என் கணிப்பு.

பிடிக்கும் முறையில், கைப்பிடியை முன்னிருந்து பின்னாக அழுத்த வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் மரத்தை உள்ளங்கையின் அடிப்பகுதி நோக்கி நேராக இழுக்கின்றன. சுண்டுவிரல் உடன் இருக்கிறது, அவ்வளவே. கட்டைவிரல் எதையும் அழுத்தாமல் ஓய்வாகக் கிடக்கிறது. கட்டைவிரல் அழுத்தினால் குழல் ஒரு பக்கம் திரும்பும். எவ்வளவு இறுக்கம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: கை நடுங்கத் தொடங்கும்வரை இறுக்குங்கள், பிறகு நடுக்கம் நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள், அந்த அளவைப் போட்டியின் 60 குண்டுகளுக்கும் மாறாமல் வைத்திருங்கள். இறுக்கத்தின் அளவைவிட அது மாறாதிருப்பதே முக்கியம்.

அடுத்தது நிற்கும் நிலை. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, எடையை இரண்டு பாதங்களிலும் சமமாக இறக்கி, உடலை இலக்குக்குப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். எந்தக் கோணம் என்பதை உடம்பே சொல்லும். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்தால் குழல் பக்கத்து இலக்கை நோக்கி நிற்கலாம். அப்போது கையைத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். பின்னங்காலைச் சிறிது நகர்த்தி, உடல் முழுவதையும் திருப்புங்கள். கையைத் திருப்பிச் சுட்டால் தசை ஒவ்வொரு முறையும் தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போக முயலும். சும்மா இருக்கும் கையைக் கால்சட்டைப் பைக்குள் விடுங்கள், அல்லது இடுப்புப் பட்டையில் கட்டைவிரலை மாட்டிக்கொள்ளுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுப் டிகெச் பைக்குள் கைவிட்டு நின்ற படம் உலகெங்கும் பரவியபோது, அது அலட்சியத்தின் அழகு என்று பலர் எழுதினார்கள். உண்மையில் பிஸ்டல் சுடுபவர்கள் அனைவரும் செய்வதுதான் அது. தொங்கும் கை ஆடினால் தோளும் கூடவே ஆடும்.

எந்தக் கையால் சுடுவது என்ற கேள்விக்கு, பழக்கமான கையும் ஆதிக்கக் கண்ணும் (குறிபார்க்கும்போது இயல்பாக முந்தி நிற்கும் கண்) ஒரே பக்கம் இருந்தால் சிக்கலே இல்லை. அப்படி இல்லாவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஹங்கேரியின் கரோலி தகாச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை படுகாயமடைந்த பிறகு இடக்கையைப் பழக்கி, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பிறவியிலேயே வலக்கையில் குறைபாடு கொண்ட மணீஷ் நர்வால், டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் தங்கமும், பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளியும் பெற்றார்.

இனி கையை உயர்த்துவது. முழங்கையை நேராக்கி, மூச்சை இழுத்தபடி இலக்குக்குச் சற்று மேலே உயர்த்துங்கள். அங்கே மணிக்கட்டைப் பூட்டி, முன்குறியைச் சரிபார்த்துவிட்டு, மூச்சைப் பாதி விட்டுக்கொண்டே கறுப்பு வட்டத்துக்குக் கீழேயுள்ள வெண்பகுதிக்கு மெல்ல இறக்குங்கள். இறங்கும்போது தோள்பட்டையும் சேர்ந்து இறங்க வேண்டும்; காதை நோக்கி ஏறி நிற்கும் தோள் சீக்கிரமே சோர்ந்துவிடும். கீழிருந்து மேலாக நேரே ஏற்றிச் சுடாமல், மேலே போய் இறங்குவதற்குக் காரணம் உண்டு: மணிக்கட்டைப் பூட்டுவதற்கும் மூச்சை அடக்குவதற்கும் அந்த இடைவெளி தேவைப்படுகிறது. கறுப்பின் அடியைத் தொடும் ஒரு புள்ளியைக் குறிவைக்காமல், அதன் கீழே ஒரு பரப்பைக் குறிவைத்தால் (குண்டு நடுவில் விழும்படி குறிகளை முன்பே அமைத்திருப்போம்), கையின் இயல்பான அசைவு கண்ணை உறுத்தாது. கை இறங்கி நின்ற பின் மூன்று நான்கு நொடிகளில் மிக அமைதியான நேரம் வரும்; எட்டு நொடிகளுக்குள் குண்டு போகாவிட்டால் துப்பாக்கியை மேசையில் இறக்கிவிட வேண்டும். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் இருக்கிறது. இறக்கி வைத்ததால் தோற்றவர்களைவிட, இறக்காமல் சுட்டதால் தோற்றவர்களே அதிகம்.

டிரிகரை, அதாவது சுடும் விசையைப் பற்றி இங்கே நீட்ட வேண்டாம். அதன் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. விரலின் நுனித்தசை அதை நேராகப் பின்னோக்கி, மற்ற விரல்களின் இறுக்கம் மாறாமல் இழுக்க வேண்டும். சுட்டுவிரல் அசையும்போது கூடவே சுண்டுவிரலும் இறுகினால், மணிக்கட்டுக்காக இதுவரை செய்த வேலையெல்லாம் அந்தக் கணத்தில் வீணாகிவிடும்.

பயிற்சிக்கு வருவோம். முதல் சில வாரங்களில் மேசைமேல் மணல் பையை வைத்து, அதில் கையைச் சாய்த்துச் சுடுவது நல்லது. ஆட்டம் இல்லாதபோதுதான் குறிகள் எப்படி நிற்க வேண்டும், டிரிகர் எப்படி விடுபட வேண்டும் என்பது கண்ணுக்கும் விரலுக்கும் புரியும். அந்தத் தாங்கலை ஒரு மாதத்துக்குமேல் நீட்டிக்காதீர்கள். என் பட்டைக்கு நேர்ந்தது அதற்கும் நேரும்.

வீட்டில் தினமும் செய்யக்கூடியது தாங்கிப் பிடிக்கும் பயிற்சி. காலித் துப்பாக்கியை, அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை, சுடும் நிலையில் நீட்டி 30 நொடி பிடியுங்கள். ஒரு நிமிடம் ஓய்வெடுங்கள். இப்படிப் பத்து முறை. போட்டித் துப்பாக்கி சுமார் ஒரு கிலோ எடை உள்ளது என்பதால் பாட்டில் மோசமான மாற்று அன்று. வாரத்துக்கு ஐந்து நொடி கூட்டி, ஒரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மறு கைக்கும் அதே வேலையைக் கொடுங்கள். ஒரு பக்கத் தோள் மட்டும் வலுத்தால் முதுகு வளையும். முழங்கையின் வெளிப்பக்கத்திலோ தோளின் மேற்புறத்திலோ குத்தல் வந்தால், சில நாட்கள் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பட்டை கட்டிக்கொண்டு வலியோடு தொடர்வது சிறிய காயத்தைப் பெரிதாக்கும்.

குண்டில்லாமல் சுடும் பயிற்சி இதைவிடவும் பயனுள்ளது. வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, கறுப்பு வட்டம் இல்லாததால் முன்குறியை மட்டுமே பார்த்தபடி, டிரிகரை இழுங்கள். விடுபடும் நொடியில் முன்குறி வெட்டுக்குள் துள்ளினால் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது. தொடங்கும் முன் குழலில் பெல்லட் இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள், அறையில் வேறு யாரும் இல்லாதபடி செய்யுங்கள், சுடாத நேரத்தில் விரலை டிரிகர் வளையத்துக்கு வெளியே வையுங்கள்.

கைநடுக்கத்தைக் குறைக்க மாத்திரை உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு, ப்ரோப்ரனலால் பயன்படுத்தியதற்காக ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் இழந்தார். போட்டி நாளில் காப்பியைத் தவிர்ப்பதும், பயிற்சித் தளத்துக்கு அரை மணி முன்னதாக வந்து நிதானமாக நிற்பதும் யாரும் தடுக்காத வழிகள்.

கைப்பிடியின் அமைப்பு ஒருமுறை சரியாகிவிட்டால், உள்ளங்கைத் தட்டின் உயரத்தையும் திருகுகளின் நிலையையும் பென்சிலால் மரத்திலேயே குறித்து, குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் கை வீங்கும், தட்டு நகரும். குறிப்பு இருந்தால் பத்து நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒவ்வொரு பத்துக் குண்டுக்கும் இடையே கையைத் துடைக்க ஒரு பருத்தித் துண்டையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.