ஷாக் அப்சார்பர் மட்டும் போதாது: அன்றாடம் ஓடும் காருக்குச் சஸ்பென்ஷன் தேர்ந்தெடுப்பது எப்படி?

முன்பக்க ஷாக் இரண்டையும் புதிதாக மாற்றிய மறுநாள், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ‘டங்’ என்ற அதே பழைய சத்தம். எல்லாவற்றையும் இரண்டாம் முறை கழற்றிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. உங்களுக்கு அந்த உழைப்பு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எது தேய்ந்தது என்று பாருங்கள்

காரின் மூலையைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவதை நம்பாதீர்கள். முழுக்கச் செத்துப்போன ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் மாற்றுங்கள். மேல் சீலை ஒட்டி லேசான ஈரப்பூச்சு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டுங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் மீது சந்தேகப்படலாம். பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம்.

2. உயரத்தில் கை வைக்காதீர்கள்

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் பார்க்க அழகுதான். ஆனால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடம் குறைவதால், நான்கு பேர் ஏறியதும் பள்ளத்துக்குப் பள்ளம் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் எல்லை வரை அமுங்கும்போது தாங்கும் தடுப்பில்) இடிக்கும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயிலோவரும் (ஷாக்கின் மேல் ஸ்பிரிங் கோத்த தொகுதி) மழை, சேறு, பனிக்காகச் சாலையில் தூவும் உப்பு எல்லாவற்றிலும் ஓடும் காருக்கு ஏற்றதல்ல. திருகுமரையில் துரு பிடித்து, உயரத்தை மாற்றும் வளையம் இறுகிவிடும்.

3. ஷாக்கின் வகை

இரட்டைக்குழாய் ஷாக் சிறு குலுக்கல்களை மென்மையாக வாங்கிக்கொள்ளும். கல் பட்டு வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும். ஒற்றைக்குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரையே உரசி ஓடுகிறது. சூடு சீக்கிரம் வெளியேறும், பிடிப்பும் அதிகம். ஆனால் நல்ல அடிபட்டால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளக்கூடும். பெரும்பாலானவர்களுக்கு கேஒய்பி எக்செல்-ஜி அல்லது பில்ஸ்டீன் பி4 போதும் என்பேன். எப்போதும் பாரத்தோடு மலைப்பாதையில் ஓட்டுபவர் பில்ஸ்டீனின் ஒற்றைக்குழாய் ஷாக்கான பி6 பார்க்கலாம். எண் பெரியது என்று பி8 வாங்கிவிடாதீர்கள். அது தாழ்த்திய காருக்கானது.

4. ரப்பர்: நான் தவறிய இடம்

ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்த தொகுதி) உச்சியில் அதைக் காரின் உடலோடு பிணைக்கும் டாப் மவுண்ட், அதற்கடியில் ஸ்டீயரிங்கோடு சுழலும் பேரிங், கீழே பம்ப் ஸ்டாப், தூசி உறை. மேலிருந்து பார்த்தபோது டாப் மவுண்ட் புதிது போலவே இருந்ததால் பழையதையே மாட்டினேன். இரண்டாம் முறை கழற்றியதும் கீழ்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். இரும்புத் தட்டிலிருந்து ரப்பர் பிரிந்து, நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தது. பேரிங்கைச் சுழற்றினால் மணலை அரைப்பது போன்ற நெருடல். ஷாக்கில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே ஷாக்கோடு இந்த நான்கையும் சேர்த்தே வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் ஷாக்கில் ஒரு படி இறங்குங்கள், ரப்பரில் இறங்காதீர்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக வரும் கடினமான பாலியூரித்தேன் புஷ் அன்றாடக் காருக்கு வேண்டாம். அது சாலையின் அதிர்வை உள்ளே கொண்டுவரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும்.

5. வாங்கும்போது

ஒரே அச்சின் இரு பக்கங்களுக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒரே மாடலில்கூட எஞ்சினைப் பொறுத்து ஸ்பிரிங் மாறும் என்பதால் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண் கேளுங்கள். பொருள் வந்ததும் பழையதன் பக்கத்தில் வைத்து, பிரேக் ஹோஸ் பிடிப்பும் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) துளையும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: இதைப் பார்த்து வேலை செய்த ஒருவர், புது புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துவிட்டதாக எழுதியிருந்தார். சக்கரம் தொங்கும் நிலையிலேயே கீழ் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) போல்ட்டை முழுக்க முறுக்கியிருக்கிறார். கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். போல்ட்டைக் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஸ்ட்ரட் உச்சி நட்டுக்கு, அடித்தடித்து வேகமாகச் சுழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டாம். தண்டு சுழன்று சீல் கெடும்.

ஸ்பிரிங் அமுக்கும் கருவி இல்லை என்று கயிறு, கம்பியால் கட்டி முயலாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிரே போகலாம். முதல்முறை செய்பவருக்கு ஸ்பிரிங், டாப் மவுண்டோடு கோத்தே வரும் முழு ஸ்ட்ரட்டைப் பரிந்துரைக்கிறேன். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சில நாள் ஓட்டிவிட்டு, முதலில் குறித்த அதே உயரத்தை மறுபடி அளந்து, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு அதைச் செய்யுங்கள்.